இடது சீட்டின் காது

ஏப்ரல் 16, புதன்

இன்று மண்டபத்து வாசலில் மானம் போனது. மைத்துனர் மகன் கல்யாணம். சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையோடு வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். பன்றியைக் காலைக் கட்டித் தூக்கினால் கத்துமே, அப்படி ஒரு சத்தம். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் தன் வாத்தியத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பந்தியில் இருந்தவர்கள் இலையோடு எழுந்து எட்டிப் பார்த்ததாகக் கேள்வி.

என் வீட்டுக்காரி நாயகி மட்டும் இடது சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க?" என்றாள்.

"உன் பட்டுச்சீலையத்தான்" என்றேன்.

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். என்ன குத்தல்! நேராகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தப்பு என்னுடையதுதான். பந்தியில் எங்கள் பழைய சக்கரக் கதையை மறுபடி சொல்லியிருந்தேன். "என் வண்டிய என் சக்கரமே ஓவர்டேக் பண்ணிருச்சுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். நாயகி ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். போன ஆவணியிலிருந்தே அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பாதி பதில், பாதி மௌனம்.

சாயங்காலம் மெக்கானிக் குப்புராஜுக்குப் போன் போட்டேன். "ஏனுங்கண்ணா, சத்தம் வருது சத்தம் வருதுன்னா நான் என்ன சோசியமா பாக்கறது? எப்ப வருது, சூட்டுலயா குளிர்லயா, திருப்பும்போதா நிறுத்தும்போதா, எல்லாத்தயும் ஒரு நோட்டுல எழுதிட்டு மே அஞ்சாந்தேதி வாங்க" என்றான். ஒன்பதாம் வகுப்போடு நோட்டை மூடியவன், அறுபத்தாறு வயதில் மறுபடி திறந்திருக்கிறேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

சத்தம்: ஸ்டார்ட் செய்ததும் கீச். ஒரு நிமிடம் கழித்து அடங்குகிறது. காலைக் குளிரில் அதிகம்.

ஃபேன் பெல்ட்தான். துணி சோப்பை எடுத்து பெல்ட்டில் தேய்த்தேன். டிரைவர் வைத்தியம். கத்தல் பாதியாகக் குறைந்தது. "சத்தம் இருக்குதா?" என்று நாயகியைக் கேட்டேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லீங்க" என்றாள். எனக்கு நிம்மதி. அவள் இல்லை என்றால் இல்லை.

குப்புராஜுக்காக ஒன்று எழுதிவிடுகிறேன். இந்த வண்டிக்குக் கை நான், காது அவள். கரூரிலிருந்து போர்வையும் ஜமுக்காளமும் ஏற்றிக்கொண்டு பாலக்காடு, ஷொர்ணூர், கண்ணூர் என்று பத்து வருடம் ஊர் ஊராக விற்றோம். பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் சொல்லி இந்த வேனுக்குள் ஒரு வீடே கட்டினோம். படுக்கப் பலகை இரண்டு, மேலே தண்ணீர்த் தொட்டி, பின்கதவோரம் அடுப்பு. இப்போது சினிமாக்காரர்கள் இதையே கேரவன் என்கிறார்கள். எங்களை அன்று நாடோடி என்றார்கள். பெயரில் என்ன, சோறு ஒன்றுதான்.

நாயகி இடது சீட்டில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். திடீரென்று கை நிற்கும். "வண்டி பேசுதுங்க" என்பாள். குருவி கத்துகிற மாதிரி என்றால் பெல்ட். சீலை கிழிகிற மாதிரி என்றால் சைலன்சர் ஓட்டை. பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி என்றால் கியர். அவள் சொன்ன பிறகு ஒரு மணி நேரம் கழித்துத்தான் என் காதில் விழும். மெக்கானிக்குகளே என்னை விட்டுவிட்டு அவளிடம்தான் கேட்பார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. மஞ்சள் தூள் இரண்டு கரண்டி போட்டேன், ஓட்டை அடைபடும். நாயகி காலி டப்பாவைக் காட்டி, "குழம்புக்கு என்னத்த போடறது?" என்றாள். என்ஜின் சூடானதும் பொங்கல் வாசம் வந்தது. குப்புராஜிடம் இதைச் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 24, வியாழன்

பிரேக் மிதி முன்னைவிட ஆழமாகப் போகிறது. இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கிறது. ஆயில் ஊற்றினேன்.

இன்று வேனுக்குள் ஒட்டடை அடித்தேன். மேல் பலகையில் படுத்துக்கொண்டுதான் எங்கள் மகள் சுகந்தி பரீட்சை லீவுகளில் கதைப் புத்தகம் படிப்பாள். ஷொர்ணூர் ஆற்று மணலில் வண்டியை நிறுத்தினால் ரயில் பாலத்தில் போகிற பெட்டிகளை எண்ணுவாள். நாயகி கஞ்சி காய்ச்சுவாள். மழை பெய்தால் மூன்று பேரும் போர்வைக் கட்டுகளின் மேலேயே படுப்போம். புதுத் துணி வாசத்தில் வருகிற தூக்கம் எந்த மெத்தையிலும் வருவதில்லை.

ஜூனோடு எஃப்.சி. முடிகிறது, அதைப் புதுப்பிக்காமல் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது. விற்றுவிடச் சொல்கிறாள் சுகந்தி. அதற்குள் ஒரே ஒருமுறை ஷொர்ணூர் போய் வரவேண்டும் என்று நாயகிக்கு ஆசை. எனக்கும்தான், ஆனால் என் காரணம் வேறு. அவளைச் சமாதானம் செய்ய அந்த ரோட்டைவிட்டால் எனக்கு வேறு இடம் தெரியாது.

சக்கரக் கதையைக் கல்யாணப் பந்தியில் சொல்கிறபடி சொல்லாமல் இங்கே நடந்தபடி எழுதிவிடுகிறேன். 2003. வாளையார் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். சுகந்தி பரீட்சைக்காக ஊரில் இருந்தாள். "இடது பக்கம் கூழாங்கல்ல அரைக்கற மாதிரி இருக்குதுங்க, நிறுத்துங்க" என்றாள் நாயகி. சந்தைக்கு நேரமாகிவிட்டது எனக்கு. "உன் காதுலதான் கூழாங்கல்லு" என்றேன். இரண்டாம் தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. சக்கரம் கழன்று எங்களை முந்திக்கொண்டு வயலுக்குள் ஓடியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. அவள் கையை ஊன்றினாள்.

அந்த மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது. ஒற்றைக் கையால்தான் சோறு வடிக்கிறாள். சக்கரம் ஓடிய பாகத்தை நூறு பந்தியில் சொல்லியிருக்கிறேன். கை ஊன்றிய பாகத்தைச் சொன்னதில்லை. அதில் சிரிப்பு வராது.

போன ஆவணியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது எப்படியோ தைரியம் வந்தது. ரோட்டைப் பார்த்தபடியே, "அன்னிக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும் நாயகி, தப்பு என்னுதுதான்" என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், "பால் வாங்கணும்" என்றாள்.

அவ்வளவுதான். மன்னிப்பில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பயணத்துக்கு முன்னோட்டமாக வேனுக்குள்ளேயே காபி போடுகிறேன் என்றாள். நான் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தால் பின்கதவில் காஸ் வாடை. ரப்பர்க் குழாய் வெடித்து ஸ்ஸ்ஸென்று பாம்பு மாதிரி சீறுகிறது. அதற்குப் பக்கத்திலேயே நின்று தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்! பாய்ந்து சிலிண்டரை மூடினேன். பழச்சீப்பு சாக்கடையில்.

"வாடை தெரியலயா?"

"சளி புடிச்சிருக்குதுங்க."

"சத்தங்கூடவா கேக்கல?"

திரும்பி டம்ளரைக் கழுவினாள். கோபம் இருக்கலாம். அதற்காக இரண்டு பேரையும் சேர்த்துக் கொளுத்துகிற அளவுக்கா?

ஏப்ரல் 29, செவ்வாய்

பிரேக் போட்டால் முன்னால் இடது பக்கம் தகரத்தில் ஆணி இழுப்பது போல இருக்கிறது எனக்கு. நாயகி இல்லை என்கிறாள். அப்படியானால் இல்லை.

மே 2, வெள்ளி

கோயமுத்தூரிலிருந்து சுகந்தி போன். "அப்பா, அம்மாகிட்ட என்ன சொன்னீங்க? போன்ல எதக் கேட்டாலும் ஆமா சாமி, ஆமா சாமின்னே சொல்றாங்க. நேத்து என்ன கொழம்புன்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்கறாங்க."

"எம்மேல கோவம் கண்ணு."

"உங்க மேல கோவம்னா எங்கிட்ட ஏன் பேசாம இருக்கணும்?"

டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

மே 5, திங்கள்

நோட்டைக் காப்பியெடுத்து (மஞ்சள், பால் முதலிய சமாசாரங்களை நீக்கிவிட்டு) குப்புராஜ் பட்டறைக்குப் போனோம். இறங்குவதற்குள் அவன் வாசலுக்கே வந்துவிட்டான்.

"அண்ணா, இந்தப் பிரேக்கோடயா ஊருக்குள்ள ஓட்டிட்டு வந்தீங்க? தெருமுனையிலயே கேட்டுச்சு!"

"எனக்கும் சந்தேகம்தான் குப்பு. அக்கா சத்தம் இல்லேன்னு சொன்னா. அவ காதுக்குத் தப்பி எந்தக் கோளாறும் போனதில்ல, உனக்கே தெரியும்."

அவன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினான். பிரேக் லைனிங் தேய்ந்து, ஆணி டிரம்மில் கோடு போட்டிருந்தது. பிரேக் ஆயில் கசிந்து டயரின் உள்பக்கம் நனைந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"மஞ்சளா?"

"கொஞ்சம்."

"அடைக்கறது ஓட்டைய மட்டும் இல்லீங்ணா, உள்ள இருக்கற குழாயெல்லாம் அடைச்சிரும். காத்துப் புடிங்க, பல்பு மாத்துங்க, தண்ணி ஊத்துங்க, வேண்டாங்கல. பிரேக்கு, ஸ்டியரிங்கு, காஸ், இந்த மூணுல மட்டும் கைவைத்தியம் பண்ணாதீங்க. சத்தம் வந்தா அது வண்டி உங்களக் கூப்பிடறது. சோப்புப் போட்டு அது வாயப் பொத்தாதீங்க."

நாயகி அந்தப் பக்கம் திரும்பி நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, டீ" என்றான் குப்புராஜ். அவள் திரும்பவில்லை. இன்னும் இரண்டடி கிட்டப் போய், "அக்கா, டீ சாப்பிடுங்க" என்றான்.

மரத்தில் என்ன பார்த்தாளோ.

குப்புராஜ் என்னைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன்.

மே 6, செவ்வாய்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

மே 7, புதன்

வண்டி பட்டறையில் இருக்கிறது. ஆனாலும் நோட்டு இருக்கிறதே.

நாயகியிடம் கோளாறு எப்போது வருகிறது: பின்னால் இருந்து கூப்பிட்டால். பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால். மின்விசிறி ஓடும்போது அதிகம்.

எப்போது வருவதில்லை: முன்னால் நின்று, வெளிச்சத்தில், முகம் பார்த்துப் பேசினால்.

குக்கர் விசில்: கேட்பதில்லை. ஆவி மேலே போவதைப் பார்த்து எண்ணுகிறாள். இதை இன்றுதான் கவனித்தேன். அடுப்படியை விட்டு அவள் ஏன் நகர்வதே இல்லை என்று இத்தனை நாள் அதிசயப்பட்டிருக்கிறேன்.

போன் மணி: கேட்பதில்லை. ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறாள். அதிரும்போது எடுக்கிறாள்.

லாரி, இடி: கேட்கிறது.

எத்தனை நாளாக: தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல்.

ஓடும் வண்டியில், நான் ரோட்டைப் பார்த்தபடி பேசினால்: சுத்தமாகக் கேட்பதில்லை.

ஆவணியில் நான் ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னேன்.

எட்டு மாதம். அவள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த எட்டு மாதம். அவளோ, நான் என்ன சொல்கிறேன் என்று கண்டுபிடிக்க அதே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மே 9, வெள்ளி

கைவைத்தியம் செய்து பார்த்தேன். காலையிலிருந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். "நாயகி! தோசை போதும்!" எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஏனுங்க கத்தறீங்க? நான் என்ன செவிடா?" என்றாள். சொன்ன பிறகு அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோசைக்கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

குப்புராஜ் சொன்னது சரி. சில கோளாறில் நாம் கை வைக்கக் கூடாது.

மே 12, திங்கள்

"எனக்குக் காது சரியா கேக்கல. பிரேக் சத்தமே தெரியல பாரு. டாக்டர்கிட்டப் போறேன், தொணைக்கு வா" என்றேன். உடனே கிளம்பிவிட்டாள். என் காதில் கோளாறு என்றதும் அவள் முகத்தில் வந்த கவலையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். சத்தம் வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எதிலும் பாஸாகாதவன், இதிலாவது பாஸாவோம் என்று விடாமல் அமுக்கினேன். சோதிக்கிற பெண் கதவைத் திறந்து, "ஐயா, சத்தம் வந்தா மட்டும்" என்றாள். கடைசியில், "வயசுக்குத் தக்கனதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள்.

"வந்தது வந்தாச்சு, இவங்களுக்கும் ஒருதரம் பாத்துருங்க" என்றேன்.

நாயகி வேண்டாம் என்றாள். பிறகு போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே உட்கார்ந்ததும் அவள் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள், அது அசைந்ததும் பொத்தானை அமுக்கினாள். அந்தப் பெண் கெட்டிக்காரி. சிரித்துக்கொண்டே எழுந்து போய் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டாள். அதற்கப்புறம் நாயகியின் விரல் பொத்தான் மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பெண்ணின் பேனா மட்டும் தாளில் ஒவ்வொரு புள்ளியாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டு போனது.

வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதான் கூட்டியாந்தீங்க" என்றாள்.

"ஏன் நாயகி சொல்லல?"

டீயை ஆற்றினாள். "வண்டி பேசறது கேக்கலீன்னா, இடது சீட்ல எனக்கு என்ன வேலைங்க?"

"வெங்காயம் உரிக்க ஆள் வேண்டாமா?"

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "தெரிஞ்சா சுகந்தி உங்கள அந்த வண்டிய எடுக்கவே உட மாட்டா. அதான், உங்க மொகத்தப் பாத்துச் சொல்லுவேன். நீங்க பயந்தாப்புல இருந்தா இருக்குதும்பேன், இல்லாட்டி இல்லீம்பேன்."

நான் எப்போதும் பயப்படாத மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அவள் சொன்ன 'இல்லீங்க' எல்லாம் என் முகம் சொன்னதுதான்.

மே 15, வியாழன்

அவரைக்கொட்டை அளவு ஒரு கருவி. காதுக்குப் பின்னால் மாட்டியதும் நாயகி திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தாள். "இது என்னங்க?" மின்விசிறி. பிறகு தன் வளையல். பிறகு செருப்பு. வீடு வரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள், புது ஊருக்கு வந்தவள் மாதிரி. சுகந்தியோடு அரை மணி நேரம் போன் பேசினாள். ஒரு ஆமாகூட இல்லை, எல்லாம் எதிர்வாதம்.

வண்டி வந்துவிட்டது. புது லைனிங், புது பெல்ட், புதுக் காஸ் குழாய். ரேடியேட்டரைக் கழுவியதில் அரைப்படி மஞ்சள் சேறு வந்ததாம்.

மே 18, ஞாயிறு

விடிந்ததும் கிளம்பினோம். கோயமுத்தூரில் சுகந்தி வீட்டில் இட்லி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பத்திரமாப் போயிட்டு வாங்கப்பா" என்றாள். விற்பதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மதுக்கரை தாண்டியதும், "ஏனுங்க, வழியெல்லாம் நீங்க இப்படித்தான் மொணமொணன்னு பேசிட்டே ஓட்டுவீங்களா?" என்றாள்.

"முப்பது வருசமா."

"லாரிக்காரன அப்படியா வைவீங்க? அவனுக்கும் பொண்டாட்டி புள்ளைக இருக்குமுங்க."

வாளையார் தாண்டினோம். ரோடு இப்போது அகலம். அந்த வயல் எது என்று அடையாளமே தெரியவில்லை. உத்தேசமாக ஓர் இடத்தில் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினேன்.

"ஏனுங்க, வண்டி பேசுதா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள். அவள் கை தானாகக் காதுக்குப் போனது.

"வண்டி நல்லா இருக்குது. நான்தான் பேசணும்." சீட்டில் முழுதாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். ரோட்டைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு நீ ரெண்டு தரம் சொன்ன. நான் நிறுத்தல. உங்கையி இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். அத வெச்சு ஊரெல்லாம் சிரிக்க வெச்சேன், அது அதவிடத் தப்பு. இனி அந்தக் கதைய எங்கயும் சொல்ல மாட்டேன்."

ஒரு லாரி கடந்து போனது. அது போகிறவரை அவள் காத்திருந்தாள். இடது கையை மடியில் வைத்து வலது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இதச் சொல்றதுக்கு இருவத்திரெண்டு வருசம் ஆச்சுங்களா?" என்றாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சொல்ல மாட்டீங்களான்னு இருந்தேன். ஒவ்வொரு கல்யாணம் முடிஞ்சு வரும்போதும், இன்னிக்கு வண்டியில வெச்சாவது சொல்லிருவீங்கன்னு ஜன்னலப் பாத்துட்டே உக்காந்திருப்பேன்."

"கொஞ்சம் லேட்டாயிருச்சு நாயகி" என்றேன்.

ஆவணியில் ஒரு தரம் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.